நண்பகல் சங்கு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்
என்று தொடங்கவில்லை அந்தத் தாள்.
ஆனாலும் அதே தொண்டைதான் அதற்கு.
மேலே தங்க முத்திரை. கீழே ஆளுநரின் கையெழுத்து,
கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம் வரை ஓடியிருந்தது.
ஞாயிறு நண்பகல், கான்ஸஸ் மாநிலம் முழுவதும்,
ஒரு நிமிடம் ஜெபம்.
ஓரத்தில் பென்சிலில் எனக்கு மட்டும் ஒரு வரி:
ஆர்லோ, சங்கு ஒலிக்க வேண்டும். சரிசெய்து வை.

எங்கள் ஊரில் ஐந்து எச்சரிக்கைச் சங்குகள்.
கட்லர் தெருவில் நிற்கும் மூன்றாம் எண்
பதினெட்டு மாதமாக ஊமை.
ரிலே போய்விட்டது, பேட்டரி உப்பிவிட்டது என்று
மூன்று முறை எழுதினேன்.
மூன்று முறையும் பதில் வந்தது:
அடுத்த நிதியாண்டில்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே சங்கே வாய் திறக்கவில்லை.
செவ்வாய் இரவு சூறாவளி
கட்லர் தெரு வழியாகத்தான் போனது.
பதினொரு பேர்.

வியாழன் காலை ரிலே வந்தது.
மாநில அரசு வண்டியிலேயே,
பஞ்சு சுற்றி,
பிறந்த குழந்தையைப் போல.

சனிக்கிழமை நான் கம்பத்தின் மேல் இருந்தபோது
வெர்னா ஷ்ராக் கீழே வந்து நின்றாள்.
மெனோனைட்.
அவள் அண்ணன் எல்டன் அந்தப் பதினொருவரில் ஒருவர்.
"நான் ஜெபிக்கிறவள் ஆர்லோ, உனக்குத் தெரியும்.
செவ்வாயிலிருந்து உதடு நிற்கவில்லை.
ஆனால் என் முன்னோரைக் கட்டி ஆற்றில் அமுக்கினார்களே,
அவர்கள் ஒன்றும் ஜெபம் வேண்டாம் என்றவர்கள் இல்லை.
எப்போது, எப்படி ஜெபிப்பது என்று
முத்திரை போட்டுத் தாள் அனுப்பியவர்கள்."
என் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.
குனிந்து எடுத்து, கவுனில் மண்ணைத் துடைத்து,
நீட்டினாள்.
புது ரிலேயைப் பார்த்தாள். அது பளபளத்தது.
அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வானம்.
பன்னிரண்டு அடித்ததும் பொத்தானை அழுத்தினேன்,
நான்தான், இந்த விரல்தான்.
ஐந்தும் ஒன்றாக எழுந்தன.
மூன்றாம் எண்தான் எல்லாவற்றையும்விட உரக்க.

இது எதற்கு என்று
முகாமில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில்
இருநூறு பேர் தரையில் விழுந்தார்கள்.
இறைச்சி ஆலையில் வேலை செய்யும் வர்ஸமே
மேசைக்கடியில் மூன்று மகள்களைத் திணித்து
திரும்பத் திரும்ப எண்ணினான்,
ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று.
அன்றைக்கு அவன் தொழுகை ஒன்று முடிந்திருந்தது,
நான்கு மீதமிருந்தன.
அவற்றுக்கு யாரும் சங்கு ஊதுவதில்லை.
கிழவர் லெஸ்டர் படுக்கையை இழுத்துக்கொண்டு
கழிப்பறைக்குள் ஓடினார்.
ஒரு பையன் சத்தமில்லாமல் சிறுநீர் விட்டான்.

தலைநகரிலிருந்து வந்த தொலைக்காட்சிக்காரன்
வாசலில் நின்று எல்லாவற்றையும் படம் பிடித்தான்.
முழங்காலில் மனிதர்கள். குனிந்த தலைகள்.
தலைக்கு மேல் கோத்த கைகள்.
மாலைச் செய்தியில் அதே காட்சி.
பின்னணியில் மெல்லிய பியானோ,
கீழே எழுத்து ஓடியது:
மாநிலமே மண்டியிட்டது.

மண்டியிட்டது உண்மைதான்.

வெர்னா அந்த நேரம் எங்கே இருந்தாளென்று
பிறகு கேட்டேன்.
தோட்டத்தில் எல்டனின் சட்டைகளை உலர்த்திக்கொண்டிருந்தாளாம்.
சங்கு நிற்கும்வரை கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.
"ஜெபித்தாயா?"
"அது உனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம்" என்றாள்.

இரவு பணிமனையில் பதிவேட்டைத் திறந்தேன்.
சங்கு எண் மூன்று. இயங்குகிறது.
ஒலித்த காரணம் என்ற இடத்தில்
அச்சடித்த மூன்று கட்டங்கள்:
சூறாவளி. தீ. சோதனை.
ஜெபத்துக்குக் கட்டம் இல்லை.
பேனா மை காயும்வரை யோசித்துவிட்டு
சோதனை என்பதில் குறியிட்டேன்.